கெட்டிக்காரப் பிள்ளை ஏன் பெட் கட்டப் போனது?

கேள்வி: என் தம்பி திருகோணமலை வளாகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறான். எங்கள் வீடு மூதூர்ப் பக்கம் என்பதால் நிலாவெளி வீதியில் போர்டிங்கில் இருக்கிறான். ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சையில் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே நல்ல இசட் புள்ளி (கம்பஸ் அனுமதிக்குப் பார்க்கிற புள்ளி) எடுத்தவன். குடி இல்லை, சிகரெட் இல்லை. 2024இல் வேலைநிறுத்தத்தால் கம்பஸ் மூடிக் கிடந்தபோது ரி20 உலகக் கிண்ணத்துக்கு ஒன்லைனில் பெட் (பந்தயம்) கட்டத் தொடங்கியிருக்கிறான். தென்னாபிரிக்கா இலங்கையை 77 ஓட்டத்துக்குச் சுருட்டிய மேட்ச்தான் முதல் பெட். அதில் வென்றானாம். இப்போது கூட்டாளிகளிடம் 185,000 ரூபாய் கடன். இரண்டு கடன் அப்களிலும் எடுத்திருக்கிறான். திருத்தக் கொடுத்ததாகச் சொன்ன லப்டொப்பை விற்றுவிட்டான். அம்மாவின் சங்கிலி அடகில் இருக்கிறது. யாரோ ஒரு ஏஜென்டின் காசு இவன் வங்கிக் கணக்குக்கு வந்து போகிறது, அதற்கு இவனுக்குக் கொமிஷன். இப்படிப்பட்ட பிள்ளை ஏன் இதற்குள் போனான்? கடனை நான் கட்டலாமா? அப்பாவிடம் சொல்வதா? நேற்றுச் சண்டை பிடித்தபோது, “நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி” என்றான்.
— ஓர் அக்கா, திருகோணமலை

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை. கடைசி வரிதான் முதலில்.

“நான் இல்லாட்டி நிம்மதி” என்று ஒருவர் சொன்னால் அதைக் கோபத்தில் வந்த பேச்சு என்று விட்டுவிடக் கூடாது. கடனும் வெட்கமும் சேர்ந்திருக்கிற ஒரு இளைஞர் சொன்னால் இன்னும் கூடாது. இன்றைக்கே போய்த் தனியே இருத்தி நேராகக் கேளுங்கள்: “சாகவேணும் எண்டு யோசிக்கிறியா?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தையும் உண்டாக்கிவிடுவோமோ என்று பலருக்குப் பயம். அப்படி உண்டாவதில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வியே பெரிய ஆறுதல். “ஓம்” என்றாலோ, எப்படிச் செய்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாலோ, தனியே விடாதீர்கள். நேரம் காலம் பார்க்காமல் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம். இரவு பகல் எப்போதும் எடுக்கலாம். இதை முடித்துவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள், காசுக் கதை ஒரு நாள் பொறுக்கும்.

சரி, ஏன் போனார் என்ற கேள்விக்கு வருவோம்.

கெட்டிக்காரன், கெட்ட பழக்கம் இல்லாதவன், இவன் எப்படி என்று கேட்கிறீர்கள். என்னிடம் வரும் பெற்றோர் எல்லோரும் கேட்பது இதைத்தான். பேராசை, கூடாத கூட்டாளிகள் என்று அவர்களே பதிலும் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது முழுப் பதிலாகப் படவில்லை. உங்கள் தம்பி கெட்டிக்காரராக இருப்பதும் காரணங்களில் ஒன்று என்றுதான் நினைக்கிறேன்.

லொத்தர் சீட்டு வாங்குகிறவருக்குத் தான் அதிர்ஷ்டத்தை வாங்குகிறேன் என்று தெரியும். பெட் கட்டுகிற மாணவர் அப்படி நினைப்பதில்லை, அவர் தன் அறிவைப் பயன்படுத்துவதாக நினைக்கிறார். உங்கள் தம்பியின் முதல் பெட்டையே பாருங்கள். நியூயோர்க்கில் அந்த மைதானம் புதிது, ஆடுகளத்தை வேறு இடத்தில் வளர்த்துக் கொண்டுவந்து பதித்திருந்தார்கள், பந்து ஒழுங்காக எழும்பாது, நம்முடைய துடுப்பாட்டக்காரர்கள் தடுமாறுவார்கள். கிரிக்கெட்டைக் கவனிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். தெரிந்து கட்டினார், வென்றார். அந்த நிமிடத்தில் அவர் மனதில் பதிந்தது “எனக்கு விளங்குது” என்பது. வந்த காசு அதற்குப் பிறகுதான்.

ஏ.எல். எழுதிக் கம்பஸுக்கு வந்த பிள்ளையின் பதினைந்து வருட அனுபவம் என்ன? கடந்தகால வினாத்தாள் செய்தால் புள்ளி கூடும். பிழை விட்ட இடத்தைத் திருத்தினால் அடுத்த முறை சரிவரும். தோற்றால் இன்னும் கொஞ்சம் முயற்சி செய். இந்தப் பழக்கம்தான் அவரை மூதூரிலிருந்து கோணேசபுரி வளாகத்துக்குக் கொண்டுவந்தது. அதே பழக்கத்தோடு பெட்டிங்குக்குள் போனால் தோல்வியெல்லாம் வீட்டுப்பாடமாகத் தெரியும். ஆடுகளம் பார், நாணயச் சுழற்சி பார், யார் காயம் என்று பார், அடுத்த முறை பிடித்துவிடலாம். விடாமுயற்சி என்று நாம் பாராட்டி வளர்த்த குணமே ஆளைக் கீழே இழுக்கிறது. இதில் முட்டாள்தனம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

தானே தேர்ந்தெடுத்ததன் மேல் மனிதருக்கு இருக்கிற நம்பிக்கையை எலன் லாங்கர் என்ற உளவியலாளர் 1975இல் ஒரு சின்னப் பரிசோதனையில் காட்டினார். ஒரு டொலர் லொத்தர் சீட்டைச் சிலருக்குத் தானாகக் கொடுத்தார்கள், சிலரைத் தாங்களே எடுக்கவிட்டார்கள். பிறகு, “திருப்பி விற்பீர்களா, என்ன விலை?” என்று கேட்டார்கள். கொடுக்கப்பட்டவர்கள் சராசரியாக இரண்டு டொலருக்குக் கிட்டக் கேட்டார்கள். தாங்களே எடுத்தவர்கள் கேட்டது எட்டு டொலருக்கு மேல். குருட்டுச் சீட்டுக்கே இப்படியென்றால், நாள் முழுக்க ஆராய்ந்து எடுத்த அணிமேல் எவ்வளவு நம்பிக்கை இருக்கும்!

அறிவு பொய் என்று நான் சொல்லவரவில்லை. உங்கள் தம்பிக்குக் கிரிக்கெட் உண்மையாகவே தெரியும். ஆனால் பெட்டிங்கில் அவர் போட்டி போடுவது விலையோடு, அதாவது கட்டும் காசுக்கு எவ்வளவு திரும்ப வரும் என்று பெட்டிங் கம்பனி போடுகிற கணக்கோடு. அவருக்குத் தெரிந்த ஆடுகளமும் காயமும் அந்தக் கம்பனிக்கு முதலே தெரியும், அதை விலைக்குள் போட்டு முடித்துவிட்டுத்தான் திரையில் காட்டுகிறது. தென்னாபிரிக்கா வெல்லும் என்று உலகமே நினைத்தால் அதற்குக் கிடைப்பது கொஞ்சக் காசுதான். கணிப்பு சரியாக இருந்தும் காசு கரையலாம்.

கணக்காகவே சொல்கிறேன், தம்பிக்கும் காட்டுங்கள். அவருக்கு அறிவுரையைவிடக் கணக்கு ஏறும். சம பலமான இரண்டு அணிகள் என்று வைப்போம். நியாயமான விலை 2.00. அதாவது 100 கட்டினால் 200 திரும்ப வரவேண்டும். பெட்டிங் தளத்தில் பெரும்பாலும் 1.90 போலத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் நூறு நூறாகக் கட்டிப் பாருங்கள்: 200 போட்டு 190 எடுப்பீர்கள். யார் வென்றாலும் 10 ரூபாய் கம்பனிக்கு. நூற்றுக்கு ஐந்துதானே என்று தோன்றும். ஆனால் வந்த காசை அவர் எடுப்பதில்லையே, திரும்பத் திரும்பச் சுற்றுகிறார். ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து வீதம் போனால் பத்துச் சுற்றில் சராசரியாக 1,000 ரூபாய் 600க்குக் கிட்ட வந்துவிடும்.

பிள்ளைகளுக்கு அதிகம் பிடித்தது ஐந்து மேட்ச்சைச் சேர்த்து ஒரே பெட்டாகக் கட்டுவது. சின்னக் காசு, பெரிய வரவு, ஆனால் ஐந்தும் சரிவந்தால்தான். அந்த ஐந்தும் சம பலமான மேட்ச்கள் என்றால் 100 ரூபாய்க்கு நியாயமாக 3,200 வரவேண்டும். ஒவ்வொன்றும் 1.90 என்றால் தருவது 2,476. ஐந்து வீதமாக இருந்த வெட்டு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வீதமாகிவிட்டது. அதுமட்டுமில்லை, நாலு சரிவந்து கடைசி ஒன்று பிழைத்தால் மனம் அதைத் தோல்வியாக எடுக்காது. “ஒரு கோலில போச்சு” என்பார்கள். கிட்டத்தட்ட வென்றது என்ற உணர்வு முழுத்தோல்வியைவிட ஆபத்தானது, அடுத்த பெட்டை அதுதான் கட்டவைக்கிறது.

போனஸும் இப்படித்தான். உதாரணத்துக்கு, 5,000 ரூபாய் போனஸ், ஆனால் எடுக்குமுன் பத்து மடங்குக்கு விளையாடி முடிக்கவேண்டும் என்று நிபந்தனை. 50,000 ரூபாய்க்கு விளையாடினால் ஐந்து வீத வெட்டில் 2,500 போகும். மூன்று மேட்ச் சேர்த்துத்தான் கட்டவேண்டும் என்றும் எழுதியிருந்தால் 7,000க்கு மேல் போகும். 5,000 தந்து 7,000 எடுத்துக்கொள்கிறார்கள். நிபந்தனையை யாரும் வாசிப்பதில்லை. கம்பனிச் சட்டம் படிக்கிற பிள்ளைகளும் வாசிப்பதில்லை என்பதுதான் எனக்குச் சிரிப்பு.

ரெலிகிராமில் “நிச்சய டிப்ஸ்” தருகிறவர்கள் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் தம்பியின் போனில் இருக்கும், பாருங்கள். அவர்கள் செய்வது இது: 3,200 பேரில் பாதிப் பேருக்கு “ஏ அணி வெல்லும்”, மறு பாதிக்கு “பி அணி வெல்லும்” என்று அனுப்புவார்கள். பிழைத்த பாதியை விட்டுவிட்டு மற்றப் பாதியை மறுபடி இரண்டாகப் பிரிப்பார்கள். ஐந்து மேட்ச் முடிய 100 பேர் மிஞ்சுவார்கள். அந்த 100 பேருக்கும் இந்த ஆள் ஐந்து தடவையும் பிழைக்காத தீர்க்கதரிசி. அப்புறம்தான் காசு கேட்பார். மிச்ச 3,100 பேர் என்ன ஆனார்கள் என்று அந்த 100 பேருக்கும் தெரியாது. போர்டிங் வாட்ஸ்அப் குறூப்பிலும் இதே கதைதான். வென்றவர் ஸ்கிரீன்ஷொட் போடுவார், தோற்றவர் வாய் திறக்கமாட்டார். பார்க்கிறவனுக்கு எல்லோரும் வெல்வதாகத் தெரியும்.

இனி நேரம். 2024 மே மாதம் பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது, இரண்டு மாதத்துக்கு மேல் இழுபட்டது. அதே மே மாதக் கடைசியில் ஐபிஎல் இறுதி, ஜூன் முழுக்க ரி20 உலகக் கிண்ணம். விரிவுரை இல்லை, பரீட்சை எப்போது என்று தெரியாது, கையில் போன், டேட்டா மலிவு. ஏ.எல். முடித்துக் கம்பஸ் கிடைக்கும் வரை ஏற்கெனவே நீண்ட காத்திருப்பு, உள்ளே வந்த பிறகும் காத்திருப்பு. இந்த நாட்டில் படிக்கிற பிள்ளைகளின் இளமை இப்படி வெறுமனே கழிவதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. பிள்ளை அந்த நேரத்தை எதாலோ நிரப்பினால் மட்டும் எல்லோரும் கேள்வி கேட்கிறோம்.

அதோடு காசு. கம்பஸ் பிள்ளைகளுக்கான மகாபொல உதவித்தொகை 2025 வரவுசெலவுத் திட்டத்தோடு மாதம் 5,000இலிருந்து 7,500 ஆனது. போர்டிங் வாடகை, சாப்பாடு, போட்டோகொப்பி, வீட்டுக்குப் போய்வரும் பஸ் காசு எல்லாம் அதற்குள் அடங்காது என்பது உங்களுக்குத் தெரியும். சில நேரம் பிந்தி, இரண்டு மூன்று மாதக் காசு ஒரேயடியாக விழும். விழுகிற அன்று கையில் பெரிய தொகை, வீட்டில் கேட்க வெட்கம், ‘இதை இரட்டிப்பாக்கினால் அப்பாவைக் கேட்கத் தேவையில்லை’ என்ற எண்ணம். நான் பார்த்தவர்களில் கணிசமானவர்கள் வீட்டுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்றுதான் தொடங்கியிருக்கிறார்கள். (மகாபொல நிதியத்துக்கே அபிவிருத்தி லொத்தர் சபையின் வருமானத்தில் ஒரு பங்கு போகிறது என்பது வேறு கதை. அதை இங்கே இழுத்தால் எனக்குக் கோபம் வரும்.)

தொடங்கிய காரணமும் விடமுடியாத காரணமும் ஒன்றல்ல, தங்கச்சி. தொடங்கியது கிரிக்கெட் அறிவாலும் காசுத் தேவையாலும் இருக்கலாம். இப்போது அவர் கட்டுவது பெரும்பாலும் போன காசைப் பிடிக்க. அது வேறு நோய். தம்பியிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: கடைசியாக எந்த விளையாட்டுக்குக் கட்டினாய்? கிரிக்கெட் என்றால் ஒரு கட்டம். விடிய இரண்டு மணிக்கு, ஆட்டக்காரரின் பெயர்கூடத் தெரியாத மேசைப்பந்துக்கும், அடுத்த பந்தில் என்ன நடக்கும் என்பதற்கும் கட்டியிருந்தால் அங்கே அறிவுக்கு வேலையே இல்லை. வெறும் விறுவிறுப்புத்தான் மிச்சம். நேரலை என்று போனில் பார்ப்பது பல வினாடிகள் பிந்தி வருகிறது, கம்பனிக்குத் தரவு மைதானத்திலிருந்தே போகிறது. நடந்து முடிந்ததற்குக் கட்டிக்கொண்டிருப்பார்.

இதை நோய் என்று பேச்சுக்காகச் சொல்லவில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் தன் நோய்க் கையேட்டில் சூதாட்டக் கோளாறை மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே அத்தியாயத்தில் சேர்த்துவிட்டது. எண்ணங்களையும் பழக்கத்தையும் மாற்றும் உளவியல் சிகிச்சை இதற்கு நன்றாக வேலை செய்யும். சிலருக்கு மருந்தும் உதவும், அதை வைத்தியர் தீர்மானிப்பார். கம்பஸில் மாணவர் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஆனால் விரிவுரையாளர்களே ஆலோசகர்களாகவும் இருப்பதால், நாளைக்குப் பாடம் எடுக்கிறவரிடம் இதைச் சொல்ல உங்கள் தம்பி தயங்கலாம். அது நியாயமான தயக்கம்தான். அப்படியானால் வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு வரட்டும். காசு கட்டத் தேவையில்லை.

கடனுக்கு வருவோம். கட்டலாம், ஆனால் காசைத் தம்பி கையில் கொடுக்காதீர்கள். முதலில் முழுத் தொகை தெரியவேண்டும். முதல் தடவை சொல்கிற தொகை ஒருபோதும் முழுத் தொகையாக இருக்காது. வேண்டுமென்று பொய் சொல்வதில்லை, வெட்கத்தில் பாதியை விழுங்கிவிடுவார்கள். பக்கத்தில் இருந்து வங்கி அப்பைத் திறந்து, ஆறு மாதக் கணக்கைப் பார்த்து, இரண்டு பேரும் எழுதுங்கள். மேட்ச் நடக்கிற இரவில் செய்யாதீர்கள், காலையில் செய்யுங்கள். கூட்டாளிகளின் கடனை அந்தந்தப் பிள்ளைக்கு நீங்களே நேரடியாக, தவணையாகக் கொடுக்கலாம். ஒரு பகுதி தம்பியின் உழைப்பிலிருந்து வரவேண்டும். விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாவது வரட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நீங்கள் துடைத்துவிட்டால், அவர் மனம் அதையும் ஒரு வெற்றியாக எடுத்துக்கொள்ளும்.

கடன் அப்களின் வட்டி பயங்கரம், அவற்றை முதலில் முடியுங்கள். ஒன்றை அடைக்க இன்னொன்றில் எடுக்க விடாதீர்கள். போனில் உள்ள இலக்கங்களுக்கெல்லாம் எடுத்து அவமானப்படுத்துவது அவர்களில் சிலரின் வழக்கம். உங்களுக்கும் வரலாம். பயப்படாமல், வந்த செய்திகளைப் படம் பிடித்து வையுங்கள், மிரட்டினால் பொலிஸில் முறையிடலாம்.

ஏஜென்டின் காசு தம்பியின் கணக்கு வழியாக ஓடுவது இதையெல்லாம்விட மோசம். நாளைக்கே நிற்கவேண்டும். பெட் கட்டித் தோற்றால் காசு போகும். இதில் மாட்டினால் பெயரும் படிப்பும் போகும். கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்க 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டம் இருக்கிறது, கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் தேடி வருவார்கள். “எனக்குத் தெரியாது, கூட்டாளி கேட்டான்” என்பது எடுபடுமா என்று சோதித்துப் பார்க்க வேண்டாம். அட்டையையோ கடவுச்சொல்லையோ ஏஜென்டிடம் கொடுத்திருந்தால் உடனே வங்கிக்குப் போய் மாற்றுங்கள். என்ன நடந்தது என்பதை ஒரு சட்டத்தரணியிடம் சொல்லி ஆலோசனை கேளுங்கள். வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த 2025இல் தனி அதிகாரசபைக்கான சட்டம் நிறைவேறியது உண்மைதான், ஆனால் அது வந்து உங்கள் வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்கும் என்று காத்திருக்காதீர்கள்.

போனில் செய்யக்கூடியவை: ரெலிகிராம் குறூப்களிலிருந்து வெளியேறுவது, வங்கி அட்டையில் ஒன்லைன் கொடுப்பனவை நிறுத்துவது, பெட்பிளொக்கர் என்ற இலவசச் செயலியைப் போட்டுத் தளங்களை அடைப்பது. கெட்டிக்காரப் பிள்ளைக்கு இதையெல்லாம் உடைக்கவும் தெரியும். பரவாயில்லை. உந்துதல் வந்து அடங்கப் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான் எடுக்கும், அந்த நேரத்தைக் கடத்தினாலே போதும். மகாபொல விழுகிற அன்றே போர்டிங் வாடகையையும் சாப்பாட்டுக் காசையும் கட்டிவிடச் சொல்லுங்கள்.

அப்பாவிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொல்லவேண்டியவர் தம்பி. நீங்கள் பக்கத்தில் இருங்கள். இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அதற்குள் கடன் பட்டியலும் கட்டும் திட்டமும் ஒரு தாளில் தயாராக இருக்கட்டும். வெறும் கெட்ட செய்தியோடு போய் நின்றால் அப்பா கத்துவதைத் தவிர வேறு என்ன செய்வார்? தாளோடு போனாலும் கத்துவார், ஆனால் பிறகு தாளைப் பார்ப்பார். முதல் நான் சொன்ன கேள்விக்குத் தம்பி “ஓம்” என்று சொல்லியிருந்தால் மட்டும் இந்த ஒழுங்கு செல்லாது. அப்போது முதலில் வைத்தியர், பிறகு அப்பா.

திரும்பவும் ஒரு தடவை கட்டுவார், அதையும் எதிர்பாருங்கள். அன்றைக்கு உங்களிடம் வந்து சொல்லக்கூடியதாக இருந்தால் வைத்தியம் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஒளித்தால் உடனே திரும்பக் கூட்டி வாருங்கள்.

அம்மாவின் சங்கிலியை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அடகு ரசீதைத் தம்பியிடம் வாங்கி அதிலுள்ள திகதியைப் பாருங்கள். தவணை முடிந்தால் நகை ஏலத்துக்குப் போய்விடும். முழுக் காசும் கையில் இல்லாவிட்டாலும் வட்டியைக் கட்டித் தவணையைப் புதுப்பிக்க முடியுமா என்று இந்தக் கிழமைக்குள் அடகு பிடித்த இடத்தில் கேளுங்கள்.